நூற்றுப் பன்னிரண்டு கைகள்

எதைப் பார்த்தாலும் முதலில் எண்ணிவிடுவது அவளுக்குப் பிறவிக் குணமா, பஸ் கொடுத்த குணமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்குள் போனால் நாற்காலிகளை எண்ணுவாள். மாடி ஏறினால் படிகளை எண்ணுவாள். சாவு வீட்டில்கூடக் கண் தன்பாட்டுக்கு ஆட்களை எண்ணிக்கொண்டே போகும். "எத்தனை பேர் நெஜமா அழறாங்க, எத்தனை பேர் சும்மா மூக்கைச் சிந்தறாங்கன்னு அவகிட்ட கேளு, பிசகாம சொல்லிடுவா" என்று எதிர்வீட்டுத் தையல்காரி கேலி செய்வாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் கண்டக்டரக்கா. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பஸ், ஒரே தடம். சாயப்பட்டறை நிறுத்தத்தில் தொடங்கி, அவள் குடியிருந்த தெருவின் நடுவே புகுந்து, ஊரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கடைசி நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பி வருகிற பஸ். கூட்டம் எப்படி நெருக்கினாலும் பின்படியில் நின்றபடியே ஒரு பார்வையில் எண்ணிவிடுவாள். "அம்பத்தி மூணு. அதுல ஒருத்தர் டிக்கெட் வாங்கலை. சிவப்புச் சட்டை, உங்களைத்தான்." சிவப்புச் சட்டை அசடு வழியும்.

கல்யாணமும் செய்து பார்த்தாள். கட்டிக்கொண்டவர் நாலாவது வருஷமே பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார். அதைப் பற்றிக் கேட்டால், "அவரு நிறுத்தம் வந்துச்சு, இறங்கிட்டாரு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவளோடு கடைசிவரைக்கும் வந்தது தங்கை மட்டும்தான். அம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது, தங்கைக்கு எட்டு. தலை வாரி விட்டது, பரீட்சைக்கு எழுப்பி விட்டது, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டது எல்லாம் அக்காதான். இரண்டு அறை வீடு. ஒரு அறையில் தூக்கம், இன்னொன்றில் மற்றதெல்லாம்.

தங்கை வளர்ந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனாள். காதில் ஹெட்போன், எதிரில் ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை; யார் யாரோடு பேச வேண்டுமோ அந்த ஓட்டையில் பிளக்கைச் செருக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் யாராவது கூப்பிட்டால் "ஹலோ, சொல்லுங்க" என்றுதான் திரும்புவாள். அதனால் தெரு அவளுக்கு ஹலோ என்றே பெயர் வைத்துவிட்டது. நல்ல குரல். நல்ல வாய். அக்கா எண்ணுவாள், தங்கை பேசுவாள்; அந்த வீட்டில் வேலை அப்படிப் பிரிந்திருந்தது.

பழைய ஆட்சியிலும் தேர்தல் என்று ஒன்று நடக்கத்தான் செய்தது. இருநூற்று முப்பது பெரியவர்கள் இருந்த அந்தத் தெருவின் பெட்டியில் ஐந்நூறு ஓட்டு விழுந்திருக்கும். உயிரோடு இருந்தவரை எதற்குமே வீட்டை விட்டுக் கிளம்பாத சோம்பேறிகள், செத்தபின் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். பெட்டி என்ற சொல்லைக் கேட்டாலே தெருவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது அதனால்தான்.

சாயப்பட்டறையின் கழிவுக் குழாய் அந்தத் தெருச் சாக்கடையில்தான் திறந்திருந்தது. திங்கட்கிழமை நீலம், செவ்வாய்க்கிழமை சிவப்பு என்று சாக்கடையைப் பார்த்துக் கிழமை சொல்லலாம். குழந்தைகளுக்குக் காலில் புண். ஒருநாள் மருந்துக்கடை கம்பவுண்டர் அந்தப் புண்களுக்குக் களிம்பு தடவித் தடவி அலுத்துப்போய், தெருமுனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். மருந்து எத்தனை வேளை என்று சொல்கிற அதே தொனியில்தான் அன்றைக்கும் பேசினார். "குழாயை சிமெண்ட் வெச்சு அடைக்கலாம்னு இருக்கோம். போலீஸ் வரும். அடிக்கும். வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். பெட்டி கிட்டி ஒண்ணும் வேணாம். கையைத் தூக்குங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"யாரு எண்றது?" என்றது கூட்டம்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

டியூட்டி முடிந்து, பையும் கையுமாக நின்றிருந்தாள். கையில் டிக்கெட்டில் துளை போடுகிற சின்ன இரும்பு இடுக்கி. வரிசை வரிசையாக நடந்தாள். தூக்கிய கை ஒவ்வொன்றுக்கும் கீழே இடுக்கியை ஒருமுறை அழுத்தினாள். டிக். டிக். டிக். அந்தச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. தங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம் உண்டு என்பது அந்த ஜனங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிலர் அழுதுகூட விட்டார்கள்.

"எண்றவ கையும் சேர்த்தியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கண்டக்டரக்கா இடுக்கியைத் தூக்கிக் காட்டினாள். "என் கை இதுலதான் இருக்கும். எண்றவ கையைத் தூக்கக் கூடாது. தூக்கினா எண்றதுல ஓரவஞ்சனை வந்துடும்." அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்ததுதான் பிறகு சட்டமாயிற்று.

குழாயை அடைத்தார்கள். போலீஸ் வந்தது, அடித்தது. மறுபடி அடைத்தார்கள். இதே மாதிரி நூறு தெருவில் நூறு கூட்டம். எங்கேயோ லாரிகளை மறித்தார்கள், எங்கேயோ பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்தார்கள். ஆறு வருஷம் ஆயிற்று. கடைசியில் ஒரு காலைச் செய்தியில் பழைய ஆட்சி போய்விட்டது என்று சொன்னார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒரே ஒரு நாள் அவள் ஆட்களை எண்ணாமல் விட்டாள்.

புது ஆட்சி வந்ததும் தெருச்சபைகளுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. தண்ணீர், தெருவிளக்கு, யார் குடியிருக்கலாம் என்பது, இந்த மூன்றையும் தெருவே கை தூக்கித் தீர்மானிக்கலாம். ஒரு கை கூடுதலாக இருந்தால் தீர்மானம் ஜெயிக்கும். சரிக்குச் சரி வந்தால் தள்ளுபடி. மூடிக் கிடந்த சாயப்பட்டறைக் கொட்டகையே சபைக்கூடம் ஆயிற்று. தரையில் பழைய சாயம் திட்டுத் திட்டாக ஊறிப்போயிருந்தது. எத்தனை கழுவினாலும் போகவில்லை. கம்பவுண்டர் சபைத் தலைவர்.

முதல் வருஷம் தெருவிளக்கு வந்தது, தண்ணீர் வந்தது. இரண்டாம் வருஷம் வேறொன்று வந்தது. பழைய ஆட்சிக்குக் காதாக இருந்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினார்கள்.

கம்பவுண்டருக்கு ஒரு தம்பி இருந்தான். சாயப்பட்டறைத் தொழிலாளி. குழாயை அடைத்த இரண்டாம் வருஷம், ஒரு மத்தியானம் கம்பவுண்டர் மருந்துக்கடையிலிருந்து பட்டறைக்கு போன் போட்டுத் தம்பியிடம் ஒரு கூட்டத்துக்கு இடமும் நேரமும் சொன்னார். அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்குப் போலீசும் வந்தது. மூன்று பேரைக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். தம்பியின் சட்டையை மட்டும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த மத்தியானம் எக்ஸ்சேஞ்சில் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது ஹலோ.

ஹலோவைத் தெருவை விட்டு வெளியேற்ற வேண்டும் என்ற தீர்மானம் கொட்டகை வாசலில் ஒட்டப்பட்ட அன்றைக்குத் தங்கை அதைச் சாவகாசமாக நின்று படித்துவிட்டு வந்து சொன்னாள்: "எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லக்கா. நல்லாப் படிச்சவங்கதான் எழுதியிருக்காங்க."

"விளையாடாதே. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"பிளக்கைச் செருகினேன். அதான் வேலை. எங்க பலகைக்குப் பின்னால இன்னொரு ஒயர் போகும். அந்தப் பக்கம் யார் காதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஆனா அது எப்ப விழுந்திருக்குன்னு தெரியும், லைன் லேசா மூச்சு விடும். அன்னைக்கு மூச்சு விட்டுச்சு. கம்பவுண்டர் குரலும் தெரிஞ்சுது. என்னக்கா பண்றது, வாயைத் திறந்தா நான் உள்ள போவேன். இருமினேன். மூணு தடவை. புரிஞ்சுக்கிட்டு வெச்சுடுவாருன்னு பார்த்தேன். மனுஷன், 'லைன் சரியில்ல, நல்லாப் போடுங்க'ன்னு எங்கிட்டயே கத்திட்டு, எடத்தை இன்னொரு தடவை தெளிவாச் சொன்னாரு."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சபையில் அவளுக்கு இரண்டு வழி இருந்தது. இந்த ஒரு தடவை எண்ணுகிற வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட்டுத் தங்கைக்காகக் கையைத் தூக்கலாம். அந்த வேறு ஆள் பஸ் டிப்போவின் டைம்கீப்பர்; கம்பவுண்டருடைய மச்சான். பஸ் வந்த நேரத்தையே ஆளுக்குத் தகுந்தபடி எழுதுகிறவன். அவன் கையில் இந்த எண்ணிக்கையைக் கொடுப்பதும் தங்கையைக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவதும் ஒன்று. இல்லாவிட்டால் தானே எண்ணலாம். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் அவளுடைய கை இருக்காது.

மூன்று நாள் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தங்கைதான் முடித்து வைத்தாள். "நீயே எண்ணுக்கா. நீ எண்ணினா எனக்கு பயமில்ல."

அதைச் சொன்னபோது தங்கை அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்தப் பார்வைக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். தங்கை வேறொரு அர்த்தத்தில் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கொட்டகை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களை வழக்கம்போல எண்ணினாள். தன்னையும் தங்கையையும் சேர்த்து இருநூற்று இருபத்தைந்து. இரண்டு பேருக்கும் கை கிடையாது. எண்ணுகிறவளும், குற்றம் சாட்டப்பட்டவளும். மிச்சம் இருநூற்று இருபத்து மூன்று. சரிபாதியாகப் பிரியாத எண். யாராவது ஒருவர் கையைத் தூக்காமல் உட்கார்ந்துவிட்டால்தான் சரிக்குச் சரி வரும். வராவிட்டால் ஏதோ ஒரு பக்கம் ஒன்று கூடும். நம் பக்கம் கூடும் என்று நினைத்தாள். தெருவில் தங்கை எழுதிக் கொடுக்காத மனு எந்த வீட்டுக்காரருடையது? எத்தனை பேருக்கு ஓசியில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்திருக்கிறாள்?

கம்பவுண்டர் எழுந்தார். அதே மெல்லிய குரல். "எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. நடந்ததைச் சொல்றேன். அன்னைக்கு லைன்ல ஒரு இருமல் கேட்டுச்சு. மூணு தடவை. யாரோ உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

தங்கை எழுந்து நின்றாள். "நான்தான் இருமினேன். வைங்க போனைன்னு சொல்ல முடியாமத்தான் இருமினேன்."

"இருமலுக்கு கம்பவுண்டர்கிட்ட மருந்து கேட்டிருக்கலாமே!" என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

கொட்டகை சிரித்தது. கம்பவுண்டர் சிரிக்கவில்லை. கையை அமர்த்திக் காட்டினார். தங்கையும் அந்தச் சிரிப்பில் பாதி சிரித்துவிட்டாள். நல்ல ஜோக்குக்குச் சிரிக்காமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. அந்தப் பாதிச் சிரிப்பையும் பலபேர் பார்த்தார்கள்.

"வெளியேத்தணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் முன்வரிசை. பிறகு கம்பவுண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டாம் வரிசை. அவர் யாரையும் முறைக்கவில்லை, மிரட்டவில்லை. செத்துப்போன தம்பியின் அண்ணனாக நின்றார். அது போதுமானதாக இருந்தது. அவள் நடந்தாள். டிக். டிக். பஸ் டிரைவரின் மனைவி. டிக். தங்கை போன மாதம் மனு எழுதிக் கொடுத்த சைக்கிள் கடைக்காரர். டிக். நாலாவது வரிசையில் ஒரு கை, ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்தித் தடித்த தோல். தையல்காரி. அவள் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் தூக்கியிருந்தாள். டிக்.

கடைசி வரிசை முடிந்தபோது நூற்றுப் பன்னிரண்டு.

அங்கேயே கணக்கு தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது நூற்றுப் பதினொன்று. அத்தனை பேரும் தூக்கினாலும் ஒன்று குறையும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"வேணாம்ங்கறவங்க தூக்குங்க."

தோற்றுப்போன கைகளுக்குக் கீழே, ஒவ்வொன்றாக, முடிவு தெரிந்துகொண்டே நடந்தாள். நூற்றுப் பதினொரு டிக். அவ்வளவு நீளமான நடையை அவள் வாழ்க்கையில் நடந்ததில்லை. கடைசிக் கையைத் தாண்டி நின்றாள். கட்டைவிரல் இடுக்கியின் மேல் இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். சரிக்குச் சரி. தள்ளுபடி. தங்கை சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு கம்பவுண்டர் மாதிரி பேசிக் காட்டுவாள். யாரும் கூடவே எண்ணவில்லை. எண்ணியவர்கள் என்றைக்கும் இருந்ததில்லை.

அவள் அழுத்தவில்லை.

இதைப் பிற்பாடு நேர்மை என்றார்கள். அந்த நிமிஷத்தில் அது அவ்வளவு பெரிய சாமான் இல்லை. கீழே கை இல்லாமல் அந்த இடுக்கியை அவள் என்றைக்குமே அழுத்தியதில்லை, அவ்வளவுதான். கூடவே கொஞ்சம் கர்வமும் இருந்தது. பெட்டிக்காரர்கள் செய்ததை நான் செய்வேனா என்று. அந்தக் கர்வம் எத்தனை எடை என்று அவள் பிறகு பல வருஷம் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நூத்திப் பன்னெண்டு. நூத்திப் பதினொண்ணு."

கொட்டகையில் ஒரு விநாடி யாரும் மூச்சு விடவில்லை. அவள் அதைத் துக்கம் என்று நினைத்தாள். அது ஆச்சரியம்.

தங்கைக்கு அன்று சூரியன் மறையும்வரை நேரம் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்துக்கு அந்தத் தெருவில் குடியிருக்கவோ காலடி வைக்கவோ கூடாது. இரண்டு பெட்டி, ஒரு சுருட்டிய மெத்தை. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவள் வாயை மூடிக்கொண்டு துணி மடித்தபோது, அந்த இரண்டு அறையும் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தன. அக்காதான் பேசினாள். "போர்வையை எடுத்துக்கோ. அங்க எப்படி இருக்குமோ. மாத்திரை எடுத்துக்கிட்டியா?" வண்டியில் ஏறும்போது தங்கை அக்கா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள், விரல்கள் படாமல் வாங்கினாள்.

வண்டி முனை திரும்பிய பத்து நிமிஷத்தில் தையல்காரி வந்தாள். வாசலில் நின்றபடியே, "ஏண்டி, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள்.

கண்டக்டரக்கா நிமிர்ந்தாள். "நீ கேக்கறியா? உன் கைக்குக் கீழ நான் நின்னேன்."

"நான் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? கம்பவுண்டர் பாக்கறாரு. நாளைக்கு என் கடை இருக்கணுமா வேணாமான்னு தெருதானே தீர்மானிக்கும்? எண்றது நீ. உன் தங்கச்சியை நீ விட்டுடவா போறேன்னு தூக்கினேன். உன்மேல இருந்த நம்பிக்கையிலதான் தூக்கினேன்!"

"என்மேல நம்பிக்கையா?"

"ஆமா. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன சொல்ல மாட்டியா? கூடப்பொறந்தவளுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்வே? நான் மட்டுமில்ல. சைக்கிள் கடைக்காரரைக் கேளு. உன் டிரைவர் பொண்டாட்டியைக் கேளு. எல்லாரும் அப்படித்தான்." தையல்காரி அழ ஆரம்பித்தாள். "பாவி, எங்களை இப்படிக் கவுத்துட்டியே."

கண்டக்டரக்கா அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிஜமாகத்தான் அழுதாள்.

மறுநாள் பஸ்ஸை எடுக்கும்போது டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கக்கா. வீட்டுல நேத்து சோறே இறங்கலை. 'அக்கா பார்த்துக்குவாங்கன்னுதான் தூக்கினேன்'னு ஒரே புலம்பல்." அவள் விசில் ஊதினாள். "ரைட், எடுங்க."

அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவராகச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தாள். எண்ணாமல் இருக்க முடியாதே. அவளை நம்பித் தூக்கிய கைகள் பதினேழு. அவளுடைய நேர்மையைப் பார்த்துத்தான் அவளை எண்ண வைத்தார்கள். அந்த நேர்மையை அவர்களில் ஒருவர்கூட நம்பவில்லை.

ஆனால் தெருவுக்கு வெளியே அவள் பெயர் ஓங்கிவிட்டது. தலைநகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. தெருச்சபைகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க வந்த குழு. கம்பவுண்டர் அவளை முன்னால் நிறுத்தி, "சொந்தத் தங்கச்சிக்கு எதிரா ஒரே ஒரு கை. ஒண்ணே ஒண்ணு. மறைச்சிருக்கலாம். மறைக்கலை. இதுதான் எங்க ஜனநாயகம்" என்றார். கைதட்டினார்கள். இடுக்கியோடு அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொட்டகையில் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அவளைப் பற்றி ஒரு பாடமாகவே சொன்னார்கள் என்று கேள்வி. அந்தப் பாடத்தில் தங்கை இருமியது இல்லை.

தங்கைக்குக் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்தது. காதில் ஹெட்போன் வேலை போய்விட்டது; சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற வேலை. வியாழக்கிழமை விடுமுறை. மூன்றாம் மாதத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு அக்காவின் பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட்டுக்குக் கையை நீட்டுவாள். எங்கே என்று சொல்ல மாட்டாள், போக வர என்று அக்காவுக்கே தெரியும். இடப்பக்க ஜன்னலோரம். பஸ் தெருவுக்குள் நுழையும்போது நிமிர்ந்து உட்காருவாள். வீடு வரும், போகும். இறங்க மாட்டாள். காலடி வைக்கக் கூடாது என்றுதானே தீர்மானம். பஸ் சக்கரத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. சாயப்பட்டறை நிறுத்தத்தில் பஸ் திரும்பும். இப்போது வீடு வலப்பக்கம் வரும். தங்கையும் இடம் மாறி வலப்பக்கம் உட்காருவாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேச்சு இல்லை. இருந்தாலும் அக்காவுக்கு வாரத்தில் உயிர் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். வீட்டு ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டாள். வாசலில் தங்கையின் நீல வாளியைத் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

தெருவுக்கு அது பொறுக்கவில்லை. ஜன்னலில் அந்த முகம் போகும்போதெல்லாம் கையைத் தூக்கியவர்களுக்கு எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. குனிந்து செருப்பை மாட்டினார்கள், பூட்டிய கடையை இன்னொரு முறை பூட்டினார்கள். எட்டு வாரம் பார்த்தார்கள். ஒன்பதாவது வாரம் தீர்மானம் வந்தது: பஸ்ஸில் உட்கார்ந்து போனாலும் காலடி வைத்ததாகத்தான் கருத வேண்டும்.

இந்தத் தடவை யாரும் யோசிக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பவுண்டர் கேட்டு முடிப்பதற்குள் கொட்டகை முழுக்கக் கைகள். போன தடவை வேண்டாம் என்றவர்களும் தூக்கினார்கள். ஒருமுறை தோற்ற பக்கத்தில் இரண்டாம் முறை நிற்க யாருக்கும் தெம்பு இல்லை. அவளைத் தவிர வந்திருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தூக்காத கைகளைத்தான் எண்ண முடிந்தது: ஒன்பது. அதில் ஒன்று தையல்காரியுடையது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண்டக்டரக்கா நடந்தாள். டிக். டிக். எல்லாக் கைக்கும் கீழே ஒழுங்காக அழுத்தினாள். ஒன்றையும் விடவில்லை. பிறகு ஒன்பது கைக்கும் அழுத்தினாள். முன்னால் வந்து நின்று, பஸ்ஸில் நிறுத்தம் சொல்கிற குரலில் சொன்னாள்:

"ஆதரவு தொண்ணூத்தி எட்டு. எதிர்ப்பு நூத்திப் பதினாலு. தீர்மானம் தோத்துப்போச்சு."

எல்லோருக்கும் கண் இருந்தது. கைகள் இன்னும் சரியாக இறங்கக்கூட இல்லை. யாரோ "என்னது?" என்றார்கள், யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எல்லோரும் கம்பவுண்டரைப் பார்த்தார்கள். கம்பவுண்டர் அவளைப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடிக்குள்ளே அவள் இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அக்கா எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கூட்டம் கலைந்தபின் பக்கத்தில் வந்தார். குரல் இன்னும் மெலிந்திருந்தது, வேளைக்கு ஒரு மாத்திரை என்று சொல்வதைப் போல. "அடுத்த மாசம் தண்ணி டாங்க் தீர்மானம் வருதுக்கா. கொஞ்சம் இழுபறியாத்தான் இருக்கும்னு தோணுது. அதையும் நீங்கதான் எண்ணணும்." ஒரு அடி போய்த் திரும்பினார். "இப்படியே."

அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். கையில் இடுக்கி சூடாக இருந்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் என்று எண்ணினாள். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணி. கடைசி நிறுத்தத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் பை இல்லை. பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள். தங்கை பின்படிக்கு நேராக வந்து, ஏறாமல், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"தையல்காரி வந்துட்டுப் போனா. சபையில பொய் சொன்னியாமே."

"ஆமா." அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அதை அவளால் அடக்க முடியவில்லை. "ஏறு. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"எத்தனை கையை முழுங்கினே?"

"நூத்தி அஞ்சு."

"நூத்தி அஞ்சு." தங்கை அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சில் நம்பரைத் திருப்பிச் சொல்வாளே, அந்தக் குரல். எத்தனை அழகான குரல் என்று அக்காவுக்கு அப்போதும் தோன்றியது. "நூத்தி அஞ்சு கையை முழுங்க முடிஞ்சிருக்கு உன்னால."

"உனக்காகத்தான்."

"அன்னைக்கு ஒண்ணுதானேக்கா."

கம்பியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி, சோப்புக் கம்பெனிச் சுவரை ஒட்டியே நடந்தாள். அக்கா ஒரு படி இறங்கினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ, "என்னம்மா, வண்டி போகுமா போகாதா?" என்றார்கள்.

"முப்பத்தி நாலு" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. மறுபடி எண்ணினாள். முப்பத்து நாலுதான். விசிலை வாயில் வைத்தாள்.